சுவரைத் தொடாமல் ஒரு பிரஷ்!

காஞ்சிபுரம் என்றதும் கல்யாணப் புடவையும் கோயில் இட்லியும்தான் ஞாபகத்துக்கு வரும். கம்ப்யூட்டரில் படம் போடக் கற்றுக்கொள்ளவும் அது தோதான ஊர் என்றால், 'என்ன சார், ஜோக்கா?' என்பீர்கள். சத்தியமாக இல்லை! புடவை டிசைனை கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகப் போட்டுத் தறிக்கு ஏற்றிய ஊர் அது. கம்ப்யூட்டர் படமும் கட்டங்கள்தானே?

புதிதாக வரைய ஆரம்பிக்கும் நம்ம ஆளுக்கு முதலில் பிடிக்கிற வியாதி, பிரஷ் சேர்ப்பது. மேகத்துக்கு ஒன்று, தலைமுடிக்கு ஒன்று, பாசி பிடித்த சுவருக்கு ஒன்று... ஐநூறு சேர்ந்துவிடும். படம்தான் ஒன்றுகூட முடிந்திருக்காது! ரெடிமேட் பிரஷ்ஷில் இன்னொரு தொல்லை: எல்லோர் படத்திலும் ஒரே சுவர். நம்ம ஊர்ச் சுவர் வேண்டுமென்றால் நாமேதான் போட்டோ எடுக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கைலாசநாதர் கோயிலுக்குப் போங்கள். எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய மணற்கல் கோயில். காற்றும் மழையும் அரித்து அரித்து, அதன் சொரசொரப்பே ஓர் அழகு. செல்போன் கேமரா போதும். வெயில் சுவரை உரசிக்கொண்டு சாய்வாக விழும் நேரமாகப் பார்த்து எடுங்கள். ஒவ்வொரு குழிக்கும் நிழல் கிடைக்கும்.

வீட்டுக்கு வந்து கிரிட்டாவையோ ஜிம்ப்பையோ திறக்கலாம். இரண்டும் இலவசம், முதல் தேதிவரை காத்திருக்க வேண்டாம். போட்டோவைக் கறுப்பு-வெள்ளையாக்கி, காண்ட்ராஸ்ட்டை ஏற்றி, ஒரு சின்னத் துண்டை வெட்டி, ஓரங்களை வெள்ளையில் கரைத்து, பிரஷ் முனையாகச் சேமியுங்கள். கறுப்பு இருக்கும் இடத்தில் வண்ணம் விழும், வெள்ளையில் விழாது. ஆபீஸ் ரப்பர் ஸ்டாம்ப் தத்துவம்தான்! ஒரே கோணத்தில் குத்தினால் ஸ்டாம்ப் என்று காட்டிக்கொடுத்துவிடும். அளவும் கோணமும் தானாக மாறும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

அவசரப்படாதீர்கள். உருவம், வெளிச்சம், நிழல் எல்லாம் சாதாரண உருண்டை பிரஷ்ஷில் முடிந்த பிறகே சொரசொரப்பு. அதுவும் வெளிச்சம் நிழலாக மாறும் இடத்தில் போதும். படம் முழுக்க அப்பினால் மணல் கொட்டிய சாம்பார்!

பத்திரிகைப் படங்களால் நமக்குப் பழக்கமான ஆதிமூலமும் டிராட்ஸ்கி மருதுவும் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தவர்கள். மருது கம்ப்யூட்டர் ஓவியத்திலும் முன்னோடி. அவருக்கும் கோடு கையில் படிந்த பிறகுதான் கம்ப்யூட்டர் வந்தது.

கோடு பழக அந்தக் கோயிலிலேயே வாத்தியார் உண்டு. பிராகாரத்துச் சின்னச் சன்னதிகளில் பல்லவர் கால ஓவியங்களின் மிச்சம் இருக்கிறது. 1931-ல் பிரெஞ்சு அறிஞர் ஜூவோ துப்ராய் கண்டுபிடித்தவை. இங்கே பாதி முகம், அங்கே ஒரு கை... மற்றதெல்லாம் போய்விட்டது. நிஜச் சுவரில் யாராவது நிரப்பினால் மிச்சமும் போச்சு! கம்ப்யூட்டரில் அந்தப் பயமில்லை. போட்டோவைக் கீழ் லேயரில் பூட்டிவிட்டு, மேல் லேயரில் விடுபட்ட கோட்டை நீங்கள் தொடரலாம். மேல் லேயரை மறைத்தால் பல்லவன் விட்டுப்போனது மட்டும் அப்படியே நிற்கும். எது அவன் கை, எது உங்கள் கற்பனை என்று குழப்பமே வராது.

பழைய சுவரைப் பார்த்தாலே ஆணி எடுத்துப் பெயர் செதுக்கும் காதல் மன்னர்களுக்கும் இதே யோசனைதான்: பெயர் போட ஆசையா? தாராளமாக... மேல் லேயரில் போடுங்கள் சாமி!