கட்டளை வரியும் கைவிரல்களும்

கணிப்பொறி என்றதும் வண்ணப் படங்களும் மவுஸும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஆய்வகத்தினுள் முதன்முறை நுழையும் கணிப்பொறியியல் மாணவர் சந்திப்பது வேறொன்று. கறுப்புத் திரை, அதன் மூலையில் மினுக்கிடும் சிறு கோடு. அங்கே எழுத்தால்தான் ஆணையிட வேண்டும். இதனையே கட்டளை வரி என்கிறோம். தமிழ் வழியில் பயின்று வந்த நண்பர்கள் பலர் இத்திரையைக் கண்டு மலைப்பதுண்டு. ஓர் எழுத்து பிழைத்தாலும் வரி முழுவதையும் மீண்டும் அடிக்க வேண்டுமே என்னும் அச்சமே அதற்குக் காரணம். அவ்வாறு அடிக்கத் தேவையே இல்லை என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நம் வட்டாரமும் லினக்ஸும்

இத்துறை நமக்குத் தொலைவானதன்று. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் இரண்டாவது நிலையம் குரோம்பேட்டை. அங்குள்ள எம்.ஐ.டி. வளாகத்தில் அமைந்த ஏ.யூ.-கே.பி.சி. ஆய்வு மையமும் சென்னை சி-டாக் நிறுவனமும் இணைந்து, 2005-இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்னும் லினக்ஸ் இயங்குதளம், தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் சேர்ந்து இடம்பெற்றது. இத்தகைய லினக்ஸ்களில் நம் கட்டளையை வாங்கி நிறைவேற்றும் நிரல் பெரும்பாலும் 'பாஷ்' ஆகும். பிரையன் ஃபாக்ஸ் என்பவர் எழுதிய இந்நிரல் 1989-இல் வெளிவந்தது. கீழே கூறப்படும் விசைகள் இதற்குரியவை.

கை இடம் பெயராமை

நம் ஊர் தட்டச்சுப் பயிலகங்களில் முதல் நாள் கற்பிக்கும் பாடம் என்ன? விரல்கள் நடு வரிசையிலேயே தங்க வேண்டும். பார்வை தாளில் இருக்க வேண்டும் என்பதுதான். கட்டளை வரிக்கும் இதுவே அடிப்படை. அம்பு விசைகளையும் மவுஸையும் நாடும்போதெல்லாம் கை இடம் பெயர்கிறது, வேகம் குறைகிறது. கன்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓர் எழுத்தைத் தட்டினால் அந்த இடப்பெயர்ச்சி தேவையில்லை.

நாற்பது எழுத்துள்ள கட்டளையை அடித்து முடித்தபின் முதல் எழுத்து தவறென்று தெரிகிறது. அம்பு விசையானால் ஏறக்குறைய நாற்பது முறை தட்ட வேண்டும். கன்ட்ரோலுடன் ஏ அழுத்தினால் ஒரே தட்டில் வரியின் தொடக்கத்திற்குப் போகலாம். இ அழுத்தினால் இறுதிக்கு வரலாம். டபிள்யூ முந்தைய சொல்லை நீக்கும். யூ கர்சருக்கு முன்னுள்ள பகுதி முழுவதையும், கே அதற்குப் பின்னுள்ள பகுதியையும் நீக்கும். நீக்கியவை தொலைந்துபோவதில்லை. ஒய் அழுத்தினால் கடைசியாக நீக்கியது திரும்பி வரும். நீண்ட கட்டளையைப் பாதி அடித்திருக்கையில் வேறொரு வேலை குறுக்கிட்டால், யூ அழுத்தி எடுத்து வைத்துவிட்டு, அவ்வேலையை முடித்து, ஒய் அழுத்தி விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

கோப்பின் பெயரை முழுவதும் அடிக்கவும் வேண்டாம். முதல் சில எழுத்துகளை அடித்து டேப் விசையைத் தட்டினால் எஞ்சியதைக் கணிப்பொறியே நிரப்பும். நிரப்பவில்லையெனில், அத்தகைய கோப்பு இல்லை, அல்லது அவ்வெழுத்துகளில் தொடங்குவன பல உள்ளன என்று பொருள். எனவே டேப் பிழை திருத்துநரும் ஆகிறது.

நேற்றைய கட்டளை

பாஷ் நம் பழைய கட்டளைகளை நினைவில் வைத்திருக்கும். கன்ட்ரோலுடன் ஆர் அழுத்தி, அக்கட்டளையில் நினைவிலிருக்கும் சில எழுத்துகளை அடித்தால் அது திரையில் தோன்றும். மீண்டும் ஆர் அழுத்தினால் அதற்கும் முந்தையது வரும். வேண்டாமெனில் ஜி அழுத்தி விலகலாம்.

நிறுத்தும் விசைகள்

ஓடும் நிரலை நிறுத்த சி. உள்ளீடு முடிந்தது என அறிவிக்க டி. இசட் அழுத்தினால் நிரல் முடிவதில்லை. இடைநிறுத்தம் மட்டுமே பெறுகிறது. எஃப்ஜி என்று அடித்தால் மீண்டும் ஓடும். கை தவறி எஸ் அழுத்திவிட்டுத் திரை உறைந்ததென மின்விசையை அணைப்போர் உண்டு. கியூ அழுத்தினாலே திரை உயிர் பெறும்.

இவ்வெழுத்துகளுக்கு வரலாறும் உண்டு. 1963-இல் வகுக்கப்பட்ட ஆஸ்கி குறியீட்டில் முதல் 32 எண்கள் டெலிபிரிண்டர் போன்ற கருவிகளை இயக்குவதற்கென ஒதுக்கப்பட்டன. கன்ட்ரோலுடன் ஓர் எழுத்தை அழுத்தினால் அவ்வெழுத்தின் வரிசை எண் செல்லும். டி நான்காம் எழுத்து. நான்காம் குறியீட்டின் பொருள் 'அனுப்புகை முடிந்தது' என்பதாம். ஏ, இ, கே, ஒய் முதலியன ஈமாக்ஸ் என்னும் தொகுப்பு நிரலின் மரபு. அந்நிரல் 1976-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பிறந்தது. அக்கழகத்தின் சுருக்கப் பெயரும் எம்.ஐ.டி. என்பது இனிய ஒற்றுமை!

எச்சரிக்கை இரண்டு

வேகம் கவனத்திற்கு மாற்றாகாது. ஆர் அழுத்தித் தேடும்போது என்றோ அடித்த அழிக்கும் கட்டளை எதிர்ப்படக்கூடும். ஆர்எம் கட்டளையால் அழிந்த கோப்பு குப்பைத் தொட்டிக்குப் போவதில்லை. ஆண்டு முழுதும் செய்த பணி ஒரு நொடியில் போய்விடும். ஆகவே படித்துப் பார்த்த பின்னரே என்டர் தட்டுக. அடுத்து, ஆய்வகக் கணிப்பொறியை ஒரே பயனர் பெயரில் பலரும் பயன்படுத்தினால், நாம் அடித்த கட்டளைகளைப் பின் வருவோரும் காணலாம். கடவுச்சொல்லைக் கட்டளையின் பகுதியாக ஒருபோதும் அடிக்கலாகாது.

நண்பர்களே! இத்தனையையும் ஒரே நாளில் மனனம் செய்ய வேண்டியதில்லை. முதல் வாரம் டேப், ஏ, இ ஆகிய மூன்றை மட்டும் பழகுங்கள்; அடுத்த வாரம் யூ, ஒய்; பின்னர் ஆர். செலவு ஏதுமில்லை, பயிற்சி ஒன்றே வேண்டும். வாரத்தில் சில மணி நேரமே ஆய்வகம் கிடைக்கும் நம்மைப் போன்றோர்க்கு, மீண்டும் மீண்டும் அடிப்பதில் வீணாகும் நிமிடங்கள் மிச்சமானால், அவை சிந்திப்பதற்குரிய நிமிடங்களாகும்.