பொம்மை ரயில் படத்திலும் பொம்மையாகவே தெரிவது ஏன்?

கொல்கத்தாவின் அலிப்பூரை ஒட்டி இருக்கிறது மாஜேர்ஹாட் ரயில் நிலையம். அதை மேசைமேல் கட்ட ஆசையா? 'எச்ஓ' அளவில், அதாவது 87-இல் ஒரு பங்காகக் கட்டினால், 12 பெட்டி மின்ரயில் மட்டுமே ஏறத்தாழ 3 மீட்டர் நீளும். வீட்டில் இரண்டு பெட்டியைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டியிருக்கும்!

இன்னொரு சிக்கல். கடையில் கிடைக்கும் எச்ஓ தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. ஐரோப்பாவின் 1,435 மி.மீ. பாதைக்கு அது சரி. நம் அகலப்பாதை 1,676 மி.மீ.; அதற்கு 19 மி.மீ.க்கு மேல் வேண்டும். பெரும்பாலானோர் இதைக் கண்டுகொள்வதில்லை. நானும்தான்.

சரி, படத்துக்கு வருவோம். நிஜ ரயிலை 30 மீட்டர் தள்ளி நின்று எடுக்கிறோம். மாதிரியில் அதே தூரம் 35 செ.மீ.கூட இல்லை. பொருள் நெருங்க நெருங்க, லென்ஸில் தெளிவாக விழும் ஆழம் வேகமாகச் சுருங்கும். எஞ்சின் துல்லியம், கடைசிப் பெட்டி மங்கல். இந்த மங்கலைப் பார்த்ததும் 'சின்னப் பொருள்' என்று நம் மூளை முடிவு கட்டிவிடும்.

லென்ஸ் துளையைச் சிறிதாக்கினால் ஆழம் கூடும். மிகவும் சிறிதாக்கினால் ஒளி விளிம்பில் வளைந்து படம் முழுதும் மழுங்கும். எனவே குவியத்தை நகர்த்திப் பல படங்கள் எடுத்து, தெளிவான பகுதிகளைக் கணினியில் இணைக்கிறார்கள்.

உயரமும் முக்கியம். நம் கண்மட்டம் மாதிரியில் வெறும் 18 மி.மீ. கைபேசியைத் தலைகீழாகப் பிடித்து, லென்ஸைத் தண்டவாளத்தருகே வைத்து எடுத்துப் பாருங்கள்.