கதவு வளையாத வைட் ஆங்கிள் லென்ஸ்

என் தங்கையின் வளைகாப்பு எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது. சுவரோடு ஒட்டி நின்றும் கேமராவில் பாதிப் பேர்தான் தெரிந்தனர். மலிவாகக் கிடைத்த வைட் கன்வெர்ட்டர் ஒன்றை லென்ஸின் முன்னால் திருகினேன். எல்லோரும் உள்ளே வந்துவிட்டனர். இரவு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், கதவு வில்லாக வளைந்திருந்தது. ஓரத்தில் நின்ற பாட்டியின் முகமே தெளிவில்லை. வளைகாப்பை மறுபடி நடத்த முடியுமா?

லென்ஸ் வாங்கும் முன் 'ரெக்டிலீனியர்' என்ற சொல்லைத் தெரிந்துகொள்ளுங்கள். நேர்கோட்டை நேராகவே காட்டும் லென்ஸ் இது. பிஷ் ஐ லென்ஸ் வளைத்துத்தான் காட்டும். விலையைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

அடுத்தது சென்சார். கேனன் ஏபிஎஸ்-சி கேமராவில் மி.மீ. அளவை 1.6ஆல் பெருக்க வேண்டும். கேமராவுடன் வரும் 18 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 29 ஆகிவிடும். சின்னக் கூடத்துக்கு இது போதாது. நான் பிறகு செகண்ட் ஹேண்டில் வாங்கியது, 2014இல் வெளிவந்த கேனன் 10-18 எஸ்டிஎம். இதில் 10 என்பது 16க்குச் சமம். எடை 240 கிராம். கை நடுக்கத்தைக் குறைக்கும். போகஸ் செய்யும் சத்தமும் வீடியோவில் அதிகம் விழாது. ஆனால் எஃப் 4.5 என்பதால் வெளிச்சம் குறைந்தால் திணறும். எல்லா விளக்குகளையும் போட்டுவிடுவேன்!

கடையிலேயே கதவு நிலையைப் படத்தின் ஓரத்தில் வைத்து எடுத்துப் பாருங்கள். லேசான வளைவை எடிட்டிங் மென்பொருளில் நிமிர்த்தலாம். ஓரம் கொஞ்சம் வெட்டுப்படும். கோடு நேராக இருந்தாலும் ஓரத்து முகங்கள் அகலமாக இழுபடும். அது இந்த வகை லென்ஸின் இயல்பு. குழந்தையின் பெயர் சூட்டு விழாவில் பாட்டியை நடுவில் உட்கார வைத்துத்தான் எடுத்தேன்.