மறைந்த அறையும் மறைந்த பகைவனும்



வீடியோ விளையாட்டுகளில் மறைவிடங்கள் உண்டு என்பது நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதில்லை. சுவராகத் தோன்றுவது கதவாக இருக்கும். ஆட்டம் முடிந்தது என்று எண்ணும் இடத்தில் பாதி ஆட்டம் மிச்சமிருக்கும். கதைக்குத் தேவையே இல்லாத ஒரு மூலையில், கதையின் தலைமைப் பகைவனையும் விஞ்சிய ஒருவன் காத்துக் கிடப்பான். அத்தகையவனை விளையாடுவோர் ‘பாஸ்’ என்கிறார்கள். நாம் பேரெதிரி என்போம். இந்த மறைவிடங்களைக் காண்பதும் அந்தப் பேரெதிரியை வெல்வதும் எப்படி என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். பள்ளிக்கூடத்திலேயே காலம் கழித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். விடையை மாணவன் தானே தேடி எடுக்கும்படி வினா அமைப்பது ஆசிரியன் தொழில். அத்தொழிலை இவ்விளையாட்டுகளை இயற்றியவர்கள் எவ்வாறு செய்திருக்கிறார்கள் என்று பார்க்கும் ஆவல்தான்.

தொலைந்த பொருள் வேறு, ஒளித்த பொருள் வேறு. தொலைந்ததற்கு அடையாளம் இராது. ஒளித்ததற்கோ ஒளித்தவன் ஒருவன் உண்டு. அதை யாரேனும் ஒருநாள் கண்டெடுக்க வேண்டும் என்று அவன் உள்ளூர விரும்புகிறான். ஆகையால் எங்கோ ஓரிடத்தில் ஒரு நூலிழையை வெளியே விட்டுவைத்திருப்பான். அந்த இழையைப் பற்றி இழுக்கத் தெரிந்தவனே தேடுவோன்.

1980-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் ‘அட்வெஞ்சர்’ என்றொரு விளையாட்டை வெளியிட்டது. அதை இயற்றியவர் வாரன் ராபினெட் என்பவர். அக்காலத்தில் அந்நிறுவனம் ஆட்டத்தை இயற்றியவர் பெயரை எங்கும் அச்சிடுவதில்லை. நூலாசிரியன் பெயரில்லாமல் நூல் வெளிவந்தால் எப்படி இருக்கும்? ராபினெட் ஒருவரிடமும் சொல்லாமல் விளையாட்டுக்குள்ளேயே ஓர் இரகசிய அறை கட்டி, தம் பெயரை அங்கே எழுதிவிட்டார். கறுப்புக் கோட்டையின் சிக்கலான வழிகளுக்கு நடுவே, நாற்புறமும் அடைபட்ட ஒரு சிற்றறையில், பின்புலத்தின் நிறத்திலேயே ஒரே ஒரு புள்ளி கிடக்கிறது. கையிலுள்ள பாலத்தை வைத்துத்தான் அவ்வறைக்குள் போகலாம். புள்ளியை எடுத்து, பொற்கோட்டைக்கு அருகிலுள்ள ஓர் அறைக்கு வேறு சில பொருள்களோடு கொண்டுவந்தால், அங்கே சுவராக நிற்கும் மெல்லிய கோடு மினுங்கத் தொடங்கும். அதை ஊடுருவிச் சென்றால் அப்பால் அவர் பெயர்! சிறுவன் ஒருவன் கண்டுபிடித்து நிறுவனத்துக்குக் கடிதம் எழுதிய பிறகே இது வெளிப்பட்டது. ஈஸ்டர் திருநாளில் குழந்தைகள் தேடுவதற்காக முட்டைகளை ஒளித்துவைப்பதை ஒத்தது இது என்று நிறுவனத்தார் கருதினர். இன்றும் இத்தகைய இரகசியங்களுக்கு ‘ஈஸ்டர் முட்டை’ என்பதே பெயர்.

தேர்வுத்தாள் அமைப்பவன் என்ற முறையில் நான் ராபினெட்டுக்கு முழு மதிப்பெண் தரமாட்டேன். கண்ணுக்குத் தெரியாத புள்ளியைத் தேடச் சொல்வது நியாயமான வினாவன்று. ஆயினும் ஓர் இழையை அவரும் விட்டுத்தான் இருக்கிறார். எடுக்க முடிகிற ஒரு பொருள், ஆனால் எதற்கும் பயன்படாத பொருள். அப்படி ஒன்று கையில் அகப்பட்டால், ‘இது ஏன் இங்கே இருக்கிறது?’ என்று கேட்கத் தோன்றுமன்றோ?

நியாயமான வினாவைப் பார்க்க வேண்டுமானால் 1986-இல் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா’வுக்கு வரவேண்டும். அதில் நிலவறைகளில் முதியவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு வாசகம் சொல்லி அனுப்புகிறார்கள். டொடோங்கோ என்ற விலங்குக்குப் புகை பிடிக்காது என்கிறார் ஒருவர். வாளால் வெட்டி ஓய்ந்தவன் இதைக் கேட்டதும் வெடிகுண்டை அதன் வாய்க்கு நேரே வைப்பான். விலங்கு விழுங்கி மாயும். தேவதைகள் வாழாத இடத்தில் ஓர் இரகசியம் உண்டு என்கிறது இன்னொரு வாசகம். அந்நாட்டில் சில குளங்களில் தேவதை வந்து காயம் ஆற்றுகிறாள். ஒரு குளத்தில் மட்டும் வருவதில்லை. அதன் கரையில் நின்று குழல் ஊதினால் நீர் வற்றிப் படிக்கட்டு தோன்றும். ஏழாவது நிலவறையின் வாயில் அதுதான். ‘வாழாத’ என்ற எதிர்மறைச் சொல்லில் விடை இருக்கிறது, பாருங்கள். வாசகத்தை மேலோட்டமாகப் படித்தவன் தேவதை இருக்கும் குளத்தையே சுற்றிக்கொண்டிருப்பான்.

அதே விளையாட்டில் வழிமறித்து நின்று முணுமுணுக்கும் ஒரு பிராணி வருகிறது. அது அடிப்பதும் இல்லை, நகர்வதும் இல்லை. முணுமுணுப்பது வயிறா வாயா என்று யோசித்தவன், கடையில் இறைச்சி வாங்கி வந்து போடுகிறான், வழி திறக்கிறது. வரைபடமும் இங்கே பேசும். நிலவறைப் படத்தில் ஓர் அறை இருக்கிறது. அதற்குக் கதவு மட்டும் எப்பக்கமும் காணோம். அப்படியானால் குண்டு வைக்க வேண்டிய சுவர் எது என்று சொல்லவும் வேண்டுமோ? கண்ட சுவரிலெல்லாம் குண்டு வைப்பவன் குண்டுகளைத்தான் தீர்ப்பான்.

இழைக்கும் வதந்திக்கும் உள்ள வேற்றுமைக்கு ஒரு சான்று சொல்லியாக வேண்டும். 1991-இல் காப்காம் நிறுவனம் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ என்ற சண்டை விளையாட்டை வெளியிட்டது. அதில் ரியு என்ற வீரன் வென்றபின் ஒரு வசனம் பேசுகிறான். ஜப்பானிய மொழியில் அது அவனுடைய ஒரு குத்துமுறையின் பெயரைக் குறித்தது. ஆங்கிலமாக்கியபோது அப்பெயர் ‘ஷெங் லாங்’ என்ற ஓர் ஆளின் பெயர்போல ஆகிவிட்டது. யார் அந்த ஷெங் லாங் என்று உலகம் தேடத் தொடங்கியது. 1992 ஏப்ரலில் ஓர் அமெரிக்க விளையாட்டு இதழ், முட்டாள்கள் தின வேடிக்கையாக, அவனைச் சந்திக்கும் வழி இதுதான் என்று எழுதிவிட்டது: ஓர் அடிகூடப் படாமல் இறுதிப் பகைவன்வரை போகவேண்டும், அங்கே இருவரும் ஒருவரையொருவர் தொடாமல் சுற்றுக்குச் சுற்று நேரத்தைக் கழிக்க வேண்டும். எத்தனை பிள்ளைகள் எத்தனை நாணயங்களை இயந்திரத்தில் போட்டுத் தீர்த்தார்களோ! வேடிக்கையின் சாமர்த்தியம் அந்த நிபந்தனையில் இருக்கிறது. யாராலும் எளிதில் செய்து பார்க்க முடியாது. ஆதலால் யாராலும் பொய்யென்று நிறுவவும் முடியாது. 1994-இல் அதே வரிசையில் உண்மையாகவே ஒரு மறைந்த பேரெதிரி வந்தான். அகுமா என்பது அவன் பெயர். ஒருமுறையும் தோற்றுத் தொடராமல், குறித்த நேரத்துக்குள் இறுதிக்கு வந்தவன் முன் அவன் தோன்றி, அங்கே நிற்கும் தலைமைப் பகைவனை ஒரு நொடியில் வீழ்த்திவிட்டுத் தான் எதிர்நிற்கிறான். கடினமான நிபந்தனைதான், ஆனால் செய்து பார்க்கக் கூடியது.

எல்லாவற்றிலும் என் மனத்தைக் கவர்ந்தது 1997-இல் கொனாமி நிறுவனம் வெளியிட்ட ‘கேஸில்வேனியா: சிம்பனி ஆஃப் தி நைட்’. டிராகுலாவின் மகன் அலுகார்டு தந்தையின் கோட்டைக்குள் புகுகிறான். அறை அறையாக நடக்க நடக்க வரைபடம் நிரம்புகிறது. முடிவில் கோட்டையின் தலைவனாக ரிக்டர் என்பவன் நிற்கிறான். அவனோ டிராகுலாவை வேட்டையாடும் பரம்பரையில் வந்த வீரன்! அவனைக் கொன்றால் ஆட்டம் முடிந்துவிடும்; முடிவும் துயரமாக இருக்கும். பலர் அங்கேயே நிறுத்திவிட்டார்கள். நல்லவன் ஏன் கெட்டவனானான் என்று கேட்பவனுக்கே பாதை நீள்கிறது.

கோட்டையில் இரண்டு மோதிரங்கள் உண்டு. பொன்மோதிரம் ஒரு கெட்ட கனவில் கிடைக்கிறது. வெள்ளிமோதிரமோ முட்கள் நிறைந்த பாதைக்கு அப்பால் இருக்கிறது. அம்முட்களை நொறுக்கும் கவசம் வேறோர் இருட்டறையில். அவ்விருட்டில் வௌவாலைப்போல ஒலியால் வழி அறியும் ஆற்றல் இன்னோரிடத்தில். ஒவ்வொரு மோதிரத்திலும் பாதிச் சொற்கள் பொறித்திருக்கின்றன. சேர்த்துப் படித்தால், மணிக்கூண்டில் அணிக என்று பொருள்படும். மணிக்கூண்டு என்ற பெயரிலேயே கோட்டையில் ஒரு பகுதி உண்டு. அங்கே போய் அணிந்தால் ஒன்றும் நிகழாது. நானும் என் பேரனும் அங்கே வெகுநேரம் நின்றோம். “விடையைத் தேடிப் பார்த்துவிடலாமே, தாத்தா” என்றான். நோட்ஸ் வாங்கிப் படிக்காத மாணவனை நான் என் பணிக்காலத்தில் அதிகம் கண்டதில்லை. எனினும் ஒரு நாள் பொறு என்றேன். மறுநாள் வரைபடத்தைத் தாளில் வரைந்து பார்த்தபோது, கோட்டையின் நடுவில் பெரிய கடிகாரம் நிற்கும் கூடம் ஒன்று கண்ணில் பட்டது. இரண்டு மோதிரங்களையும் அணிந்து அங்கே நின்றோம், தரை திறந்தது. கீழே மரியா என்ற பெண் ஒரு கண்ணாடியைத் தருகிறாள். அதை அணிந்து ரிக்டரின் முன் நின்றால், அவன் தலைக்குமேல் மிதந்து அவனை ஆட்டிவைக்கும் பச்சை ஒளியுருண்டை தெரியும். அவனை விட்டுவிட்டு அதை அடிக்க வேண்டும். உடனே வானத்தில் இன்னொரு கோட்டை தலைகீழாகத் தோன்றுகிறது.

முதற்கோட்டையையே கவிழ்த்து வைத்தது அது. விதானம் தரையாகிறது, படிகள் தலைக்குமேல் தொங்குகின்றன, பறக்கும் ஆற்றல் இல்லாமல் நகர முடியாது. இரண்டு கோட்டைகளையும் முழுதும் கண்டவனுக்கு வரைபடக் கணக்கு 200.6 சதவீதம் என்று காட்டும். கணித ஆசிரியர்கள் மன்னிக்க! நாங்கள் வரைந்த தாளைத் திருப்பிப் பிடித்தோம். புதிய கோட்டைக்கும் அதுவே படமாயிற்று. முதற்கோட்டையில் அடித்தளத்திலிருந்த கல்லறைச் சுரங்கம் இப்போது உச்சியில் இருக்கிறது. அங்கேதான் கலமாத் என்ற இராட்சதன் நிற்கிறான். கதையை முடிக்க ஐந்து பேரெதிரிகளிடமிருந்து டிராகுலாவின் ஐந்து எச்சப் பொருள்களை மீட்டால் போதும்; அந்த ஐவரில் இவன் இல்லை. ஆனால் உயிர்வலுவில் டிராகுலாவையே மிஞ்சியவன். மின்னல்தான் அவன் படைக்கலம். நேர்நின்று வாள் வீசியவர்களுக்கு நேர்ந்த கதி எங்களுக்கும் மூன்றுமுறை நேர்ந்தது.

நான்காம் முறைக்குமுன் பையிலுள்ள பொருள்களின் குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்தோம். பெரில் என்னும் மணி பதித்த தலையணி ஒன்று மின்னலை உறிஞ்சும் என்று எழுதியிருந்தது. அதை அணிந்து சென்றபோது, அவன் வீசிய ஒவ்வொரு மின்னலும் எங்கள் காயத்தை ஆற்றியது. பேரன் சிரித்துக்கொண்டே வாளை வீசினான். இராட்சதன் வீழ்ந்தபின் கிடைப்பது ஒரு சிறு வரம்: அலுகார்டு மூடுபனியாக உருமாறும்போது அப்பனி நஞ்சாகும். டிராகுலாவை வெல்ல அது தேவையில்லை. என்றாலும் அதைப் பெற்ற பின் என் பேரன், முன்பு அடிபட்ட கூடங்கள்தோறும் மூடுபனியாக மிதந்து போய்வந்தான்.