காற்றை வெளியேற்றும் வித்தை

பழைய ஃபில்டரைக் கழற்றி எறிந்து, புதியதைத் திருகி மாட்டி, கையைத் துடைத்துக்கொண்டு, இனி இந்தச் சாகுபடி முடியும்வரை கவலையில்லை என்ற நிம்மதியோடு டிராக்டரில் ஏறிச் சாவியைத் திருப்புகிறவர், அன்று காலைவரை ஒரு குறையுமின்றி உழைத்த எஞ்சின் வெறுமனே சுற்றிச் சுற்றி அடங்கிப்போவதைக் கண்டு திகைத்து நிற்பது நம் வயலோரங்களில் சர்வ சாதாரணமாக நிகழ்வதாகும். மறுபடியும் செல்ஃப் அடிக்கிறார், பாட்டரி சோர்ந்துபோகிறது. அக்கம்பக்கத்தார் கூடி, ஃபில்டரே போலிச் சரக்கென்று ஒருவரும், பம்பு போய்விட்டதென்று மற்றொருவரும் அபிப்பிராயம் சொல்லத் தொடங்குகிறார்கள். உண்மையில் அந்த யந்திரத்தில் எந்த உறுப்பும் பழுதாகவில்லை. ஃபில்டரைக் கழற்றியபோது அதிலிருந்த டீசல் கீழே போயிற்று, அது இருந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான் விஷயம். "ஏர் பிடித்திருக்கிறது, ஏர் எடுக்கணும்" என்று மெக்கானிக் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார். அந்த வாக்கியத்தின் பொருளைத் தெளிவாக அறிந்த விவசாயி, இரண்டு ஸ்பேனர்களும் சிறிது பொறுமையும் இருந்தால், யாருக்காகவும் காத்திராமல் அரைமணி நேரத்தில் எஞ்சினை ஓட்டிவிடலாம் என்பதற்காகவே இதைச் சற்று விரிவாக எழுதத் துணிகிறேன்.

பெட்ரோல் எஞ்சினில் இருக்கும் தீப்பொறிப் பிளக் டீசல் எஞ்சினில் கிடையாது. சிலிண்டருக்குள் இழுத்த காற்றைப் பிஸ்டன் பதினாறில் ஒரு பங்காக, சிலவற்றில் இருபதில் ஒரு பங்காக நெருக்குகையில், அந்த நெருக்கத்தினாலேயே காற்று 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் காய்ந்துவிடுகிறது. அந்த உஷ்ணத்துக்குள் டீசல் நுண்ணிய தூறலாகப் பாய்ந்த மாத்திரத்தில் தானே பற்றிக்கொள்கிறது. இந்தத் தத்துவத்தைக் கண்ட ருடால்ப் டீசல் 1892இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வருஷக்கணக்கில் பாடுபட்டு, 1897இல்தான் திருப்தியாக ஓடும் எஞ்சினை உலகுக்குக் காட்ட முடிந்தது. எரிபொருளை உள்ளே செலுத்துவதற்கு அவர் கையாண்டது, விசேஷமாக நாம் கவனிக்க வேண்டியது, அழுத்திய காற்றையே. அந்தக் காற்றைத் தயாரிக்கத் தனியாக ஒரு கனத்த சாதனம் தேவைப்பட்டபடியால், டீசல் எஞ்சின் நெடுங்காலம் கப்பலையும் ஆலையையும் விட்டு எளிதில் வெளியே வர இயலவில்லை. திரவத்தையே நேராக அழுத்திப் பாய்ச்சும் சிறு பம்பை ஸ்டுட்கார்ட் நகரத்துப் பாஷ் கம்பெனி 1927இல் பெருவாரியாக உற்பத்தி செய்யத் தொடங்கிய பின்னரே அது லாரிக்கும் டிராக்டருக்கும் தாராளமாக உரியதாயிற்று. நம் தேசத்தில் அதே வேலையை மேற்கொண்டது 1951இல் பெங்களூரில் தோன்றிய மைக்கோ நிறுவனம்; அந்தப் பெயரைப் பட்டறைகளில் இன்றும் கேட்கலாம்.

டாங்கியிலுள்ள டீசலை ஃபீட் பம்பு இழுத்து ஃபில்டருக்குத் தள்ளுகிறது; ஃபில்டரில் தெளிந்த எண்ணெயை, மேலே சொன்ன அழுத்திப் பாய்ச்சும் பம்பாகிய பெரிய பம்பு வாங்கி, எஃகுக் குழாய்களின் வழியே ஒவ்வொரு சிலிண்டரின் நாஸிலுக்கும் அனுப்புகிறது. நாஸிலின் வாயை வலுவான ஸ்பிரிங்கின் பலத்தால் ஓர் ஊசி அடைத்துக்கொண்டிருக்கும். பழைய ரக எஞ்சின்களில் காற்று மண்டலத்தின் அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தம் வந்தாலன்றி அந்த ஊசி எழும்பாது. ஒரு தடவைக்குப் பெரிய பம்பு தள்ளுவதோ சுமார் ஒரு துளி. குழாய் முழுவதும் திரவமாக இருக்குமானால், திரவம் நெருக்கத்துக்கு இடங்கொடாதபடியால், அந்த ஒரு துளியின் உந்துதல் குறையாமல் மறுமுனைக்குப் போய் ஊசியைத் திறந்துவிடும். நடுவே காற்றுக் குமிழி ஒன்று புகுந்திருந்தால், பம்பின் பலமெல்லாம் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே விரயமாகிறது; சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்தினால், அது உள்ளே போய்ப் பின் கையைத் தள்ளிக்கொண்டு வெளியே வருமல்லவா, அதே கதைதான். பம்பு ஓய்வில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கும்; நாஸிலிலிருந்து ஒரு பொட்டு டீசல்கூட வராது.

ஆகவே, வருகிறபோது வரட்டும் என்று செல்ஃபை விடாமல் அடித்துக்கொண்டிருப்பது பயனற்றது மாத்திரமல்ல, கேடும் விளைவிப்பது. பெரிய பம்பினுள்ளே ஓடும் தண்டுக்கும் அதன் உறைக்கும் நடுவே உள்ள இடைவெளி சில மைக்ரான்களே. நம் தலைமயிரின் கனம் சுமார் 70 மைக்ரான் என்றால், அந்த வேலைப்பாட்டின் சூக்ஷ்மத்தை ஊகித்துக்கொள்ளலாம். அங்கே உராய்வைத் தணிப்பது அதன் வழியே ஓடும் டீசலே. அது இல்லாமல் பம்பை ஓட்டுவது, பல்லாயிரம் ரூபாய் பெறும் பொருளை வறட்டு இரும்பாக உரசவிடுவதற்கு ஒப்பாகும்.

காற்றை எடுக்கும் முறை எளிது. வரிசை மட்டும் தப்பக்கூடாது. டீசல் செல்லும் அதே திசையில், டாங்கியில் தொடங்கி நாஸிலை நோக்கிக் காற்றைத் துரத்திக்கொண்டே போகவேண்டும். முதலில் டாங்கியில் போதிய டீசல் இருக்கிறதா, அடியிலுள்ள குழாய் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஃபில்டரின் தலையில் உள்ள காற்றுத் திருகை, சுற்றிலுமுள்ள தூசியைத் துணியால் துடைத்த பிறகு, முழுவதும் கழற்றாமல் இரண்டொரு சுற்றுத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கைநெம்பை மேலும் கீழும் இயக்கவேண்டும். நெம்பு பிடிப்பில்லாமல் தொளதொளவென்று ஆடினால் பம்பு கெட்டுவிட்டதென்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். உள்ளேயிருக்கும் காம் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதும் அதற்குக் காரணமாகலாம், எஞ்சினை ஒரு சுற்றுத் திருப்பிவிட்டால் நெம்புக்குப் பிடிப்பு வந்துவிடும். முதலில் திருகின் மரையோரத்தில் 'புஸ்'ஸென்று காற்று வரும். அடுத்து வெளிறிய நுரை பொங்கும். நுரை அடங்கிப் பெரிய குமிழிகள் ஒவ்வொன்றாக உடையும். கடைசியில் குமிழியே இல்லாத டீசல் ஒரே சீராக வழியும். அந்தச் சமயத்தில் நெம்பை நிறுத்திவிட்டுத் திருகை முடுக்குவது பிழை. ஒரு கை இயக்கிக்கொண்டிருக்கையில், எண்ணெய் வழிந்துகொண்டிருக்கும்போதே, மறு கை திருகை முடுக்கிவிடவேண்டும். நிறுத்தினால், போன காற்று வந்த வழியே திரும்பிவிடும். ஃபில்டர் இரண்டு இருந்தால் இரண்டாவதிலும், பிறகு பெரிய பம்பின் உடலிலுள்ள காற்றுத் திருகிலும் இதையே செய்யவேண்டும். பல எஞ்சின்கள் இவ்வளவிலேயே புறப்பட்டுவிடும்.

அப்படியும் புறப்படாவிட்டால் எஃகுக் குழாய்களிலும் காற்று இருக்கிறதென்று அர்த்தம். நாஸில் முனையில் குழாயைப் பிடித்திருக்கும் நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்தி, ஆக்ஸிலேட்டரை முழுவதும் கொடுத்து, பத்துப் பதினைந்து விநாடி செல்ஃப் அடித்து, ஒரு நிமிஷம் ஓய்வு கொடுத்து மறுபடியும் அடித்தால், நட்டின் இடுக்கில் டீசல் விட்டுவிட்டுத் துள்ளத் தொடங்கும். துள்ளிய நட்டை முடுக்கிக்கொண்டே வரவேண்டும். மூன்றாவது நட்டு மிச்சமிருக்கும்போதே எஞ்சின் இருமித் திணறி ஓடத் தொடங்கிவிடுவதும் உண்டு.

கிணற்றடியிலுள்ள ஒற்றைச் சிலிண்டர் ஆயில் எஞ்சின் இதைவிட இணக்கமானது. அதன் டாங்கி பெரும்பாலும் உயரத்தில் இருப்பதால், திருகைத் தளர்த்திவிட்டால் டீசல் தன் பாரத்தாலேயே இறங்கிக் காற்றை வெளியே அனுப்பிவிடும். பிறகு ஹாண்டிலைப் போட்டு மெள்ளச் சுற்றும்போது நாஸிலிலிருந்து 'கிறீச்' என்று ஒரு சிறு சப்தம் எழும். ஊசி எழும்பி எண்ணெய் தூறலாகப் பாய்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. அந்தச் சப்தம் கேட்கும்வரை கைநோகச் சுற்றுவதில் பிரயோஜனமில்லை என்பது அனுபவஸ்தர்களுக்குத் தெரியும்.

சில சமயம் எஞ்சின் புறப்பட்டு, ஐந்து நிமிஷம் ஓடி, மறுபடியும் நின்றுவிடும். காற்று இன்னும் எங்கேயோ புகுந்துகொண்டிருக்கிறது என்பதே அதன் பொருள். ஒழுகும் இடத்தைத் தேடிப் பார்ப்பவருக்கு ஒன்றும் அகப்படாது; ஏனென்றால் டாங்கிக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில் உள்ள பகுதி உறிஞ்சும் பகுதி, அங்கேயுள்ள வெடிப்பு டீசலை வெளியே விடாமல் காற்றை உள்ளே இழுக்கக்கூடியது. வெடித்த ரப்பர் ஹோஸ், தளர்ந்த கிளிப், எல்லாவற்றுக்கும் மேலாகப் பழைய செப்பு வாசர் ஆகிய இவற்றைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும். ஒரு தடவை இறுகி நசுங்கிய செப்பு வாசர் கடினப்பட்டுவிடுகிறது; அதையே திரும்ப மாட்டி எவ்வளவு பலமாக முடுக்கினாலும் அது பொருந்துவது நிச்சயமில்லை, மரைதான் போகும்.

இவையெல்லாம் பழைய ரக எஞ்சின்களுக்கே பொருந்தும். காமன் ரெயில் என்னும் புது ரகத்தில், அழுத்தம் காற்று மண்டலத்தைப் போல் ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்டது. அதன் எஃகுக் குழாய்களின் நட்டை எக்காரணத்தைக் கொண்டும் தளர்த்தலாகாது. அவற்றில் ரப்பர்க் குமிழைக் கையால் அழுத்தியோ, மின்சாரப் பம்பு உள்ளவற்றில் சாவியை இரண்டு மூன்று தடவை ஆன் செய்து நிறுத்தியோதான் எண்ணெயை நிரப்பவேண்டும். அந்த அழுத்தத்தில் சீறும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் புகுந்துவிடும். வெளியே ஊசி குத்தியது போன்ற தழும்புதான் தெரியும், வலியும் முதலில் அற்பமாக இருக்கும். அப்படி நேர்ந்தால் சற்றும் தாமதியாமல் அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய், டீசல் பாய்ந்தது என்று சொல்லியாக வேண்டும். அலட்சியம் செய்தவர்கள் விரலையே இழந்திருக்கிறார்கள்.

ஃபில்டர் விற்கும் கம்பெனிகளிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. பெட்டிக்குள் புது வாசர்களையும், அந்தந்த எஞ்சினின் காற்றுத் திருகு எங்கேயிருக்கிறது என்று படத்துடன் தமிழில் விளக்கும் ஒரு துண்டுக் காகிதத்தையும் சேர்த்து வைக்கவேண்டும். அவர்களுக்கு அது சில ரூபாய்ச் செலவு. நாற்று பறித்துக் கட்டி வைத்துவிட்டு, சேற்றுழவுக்கு டிராக்டர் புறப்படாமல் நிற்கும் குடியானவருக்கோ அன்றைய நாள் முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது.