மிச்சமாகும் மின்சாரமே முதலீடு

மின்கட்டணத்தைக் குறைக்கும் வேலைகளை உள்ளாட்சி அமைப்புகள் கைக்காசு போடாமல் முடித்துக்கொள்ள உதவும் ஏற்பாடு ‘செயல்திறன் ஒப்பந்தம்’. தெருவிளக்கையோ குடிநீர் மோட்டாரையோ மாற்றுவதற்கான முதலீட்டை எரிசக்தி சேவை நிறுவனம் ஒன்று போடும். இத்துறையினர் இதை எஸ்கோ என்பார்கள். கட்டணத்தில் மிச்சமாகும் தொகையிலிருந்து, ஒப்புக்கொண்ட ஆண்டுகள் வரை, போட்ட பணத்தையும் லாபத்தையும் அது எடுத்துக்கொள்ளும். சொன்னபடி மிச்சமாகவில்லை என்றால் நட்டம் நிறுவனத்துடையது.

1930களில் பிரான்சில் கட்டடங்களைச் சூடேற்றும் நிறுவனங்கள் தொடங்கிவைத்த பழக்கம் இது. 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவில் பரவியது. இந்தியாவில் 2001-ன் எரிசக்திச் சேமிப்புச் சட்டமும், 2009-ல் மத்திய மின் துறைப் பொதுத்துறை நிறுவனங்கள் கூட்டாகத் தொடங்கிய ஈ.ஈ.எஸ்.எல். நிறுவனமும் இதற்கு வழிவிட்டன. பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற கொம்யூன் அமைப்பு இன்னும் நடப்பில் உள்ள புதுச்சேரிக்கு இதில் ஒரு தனி இடம் உண்டு. குறைந்த விலையில் எல்.இ.டி. பல்பு தரும் ஈ.ஈ.எஸ்.எல்.லின் திட்டம் 2014-ல் முதலில் இங்கேதான் தொடங்கியது. பழைய குண்டு பல்பைக் கொடுத்து, ஒன்றுக்குப் 10 ரூபாய் செலுத்தி வீட்டுக்காரர்கள் புதியதை வாங்கினார்கள். அந்த ஆண்டு நிறுவனம் கொள்முதல் செய்த விலை பல்புக்கு 310 ரூபாய். மீதியை மின்துறை, மிச்சமாகும் மின்சாரத்தின் கணக்கில் தவணையாகத் திருப்பித் தருவது என்று ஏற்பாடு.

வீட்டுக்குச் செய்ததைத் தெருவுக்குச் செய்வது கணக்கில் எளிது. வில்லியனூர், பாகூர் போன்ற கொம்யூன் பஞ்சாயத்துகளின் பொதுச் செலவில் மின்சாரம் முக்கியமாகப் போகும் இடங்கள் தெருவிளக்கும் குடிநீரும். பழைய சோக்குடன் எரியும் 40 வாட் டியூப்லைட் உண்மையில் 52 வாட் அளவுக்கு இழுக்கும். அந்த இடத்தில் 20 வாட் எல்.இ.டி. போதும். ஓர் இரவுக்கு 11 மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 128 யூனிட் மிச்சம். யூனிட் 7 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு கம்பத்துக்குச் சுமார் 900 ரூபாய்.

சிக்கல் இந்தப் பெருக்கலில் இல்லை, ‘முன்பு எவ்வளவு செலவானது’ என்பதில் இருக்கிறது. ஆயிரம் கம்பங்களில் முந்நூறு எரியாமல் கிடக்கும் ஒரு கொம்யூனை எடுத்துக்கொள்ளலாம். உண்மையில் எரிந்தவை எழுநூறு. அவை இழுத்தது 36.4 கிலோவாட். எல்லாவற்றையும் மாற்றியபின் ஆயிரமும் எரியும். இழுப்பது 20 கிலோவாட். மீட்டர் காட்டும் குறைவு 16.4 கிலோவாட்தான். நிறுவனமோ ஆயிரமும் முன்பு எரிந்ததாகக் கணக்கிட்டு 32 கிலோவாட் என்று காட்டும். அதில் 80 சதவீதம் தனக்கு என்று ஒப்பந்தம் இருந்தால் 25.6 கிலோவாட்டுக்கான பணம் கேட்கும். பஞ்சாயத்துக்குக் கிடைத்ததைவிடக் கொடுப்பது அதிகம். இதில் யாரும் ஏமாற்றவில்லை. இருட்டுத் தெருக்களுக்கு வெளிச்சம் கிடைத்திருக்கிறது, ஆனால் அது சேமிப்பு அல்ல, புதிய சேவை. அதற்கான பணம் வேறு தலைப்பில் வர வேண்டும். ஆகவே கம்பம் கம்பமாகக் கணக்கெடுப்பும், மீட்டர் இல்லாத இணைப்புகளுக்கு மீட்டரும், இரு தரப்பும் ஏற்கும் மூன்றாம் தரப்புத் தணிக்கையும் கையெழுத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

மோட்டார் விஷயத்தில் கணக்கு இன்னும் நுட்பமானது. ஆயிரம் லிட்டர் தண்ணீரை 40 மீட்டர் ஏற்ற, இழப்பே இல்லாவிட்டால், 0.11 யூனிட் போதும். தேய்ந்த பம்பும் பலமுறை சுற்றுக்கட்டிய மோட்டாரும் சேர்ந்து 25 சதவீதத் திறனில் ஓடினால் 0.44 யூனிட் ஆகும். திறனை 50 சதவீதமாக்கினால் பாதி மிச்சம். ஆனால் நிலத்தடி நீர் இறங்கும் கோடையில், எவ்வளவு நல்ல பம்பானாலும் யூனிட் ஏறத்தான் செய்யும். எனவே மொத்தக் கட்டணத்தைப் பார்த்துச் சேமிப்பை முடிவு செய்யாமல், நீர்மட்டத்தையும் ஏற்றிய நீரின் அளவையும் சேர்த்து அளக்க வேண்டும்.

பணம் கைமாறும் விதம் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். மகாராஷ்டிரத்தின் அகோலா மாநகராட்சி 2007-ல் 11,500-க்கு மேற்பட்ட தெருவிளக்குகளை இம்முறையில் மாற்றியது. எல்.இ.டி. மலிவாகாத காலம் அது; மெல்லிய டி5 குழல்விளக்குகள் பயன்பட்டன. மின்நுகர்வு சுமார் 56 சதவீதம் குறைந்தது. சேமிப்பில் பெரும்பங்கு நிறுவனத்துக்கே போனது. பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொண்டார்கள். பங்கு பிரிப்பதற்குப் பதில் ஆண்டுத் தவணை நிர்ணயிப்பது ஈ.ஈ.எஸ்.எல். வழி. 2015 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தெருவிளக்குத் திட்டத்தில் பொதுவாக ஏழாண்டுத் தவணை, பராமரிப்பும் அதனுள். பல உள்ளாட்சிகள் தவணையைப் பாக்கி வைத்ததுதான் அத்திட்டத்தின் பலவீனம்.

கிராமங்களுக்கு நெருக்கமான முன்மாதிரி ஆந்திரம். 2017-ல் ஏழு மாவட்டக் கிராம ஊராட்சிகளில் 10 லட்சம் விளக்குகளை மாற்றும் பணியை ஈ.ஈ.எஸ்.எல். ஏற்றது, கடன் தந்தது பிரெஞ்சு மேம்பாட்டு முகமை. ஒற்றை ஊராட்சியின் சில நூறு விளக்குகளுக்காக எந்த நிறுவனமும் வராது. மொத்தமாக்கினால்தான் விலையும் இறங்கும், தணிக்கைச் செலவும் கட்டுப்படியாகும். அந்த வகையில் வில்லியனூர், பாகூருடன் அரியாங்குப்பம், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம் சேர்ந்து ஒரே டெண்டர் விடுவது பொருத்தம்.

புதுச்சேரிக்கென்று இரண்டு தடைகள் உள்ளன. உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2006-ல். அந்தப் பதவிக்காலம் 2011-ல் முடிந்தபின் அதிகாரிகளே கொம்யூன்களை நடத்துகிறார்கள். ஏழாண்டுக் கடப்பாட்டுக்கு மன்றத் தீர்மானத்தின் பலம் இல்லை. இன்னொன்று மின்கட்டணப் பாக்கி. கட்டணம் மாதாமாதம் கட்டப்படாத இடத்தில் மிச்சம் என்பது காகிதத்தில் மட்டும் இருக்கும். நிறுவனத்துக்குக் கொடுக்கப் பணம் இருக்காது. அரசு உள்ளாட்சிகளுக்குத் தரும் மானியத்திலிருந்து தவணையை நேரடியாகப் பிடித்துத் தனிக் கணக்கில் சேர்ப்பதும், அதற்கு அரசே உத்தரவாதம் தருவதும் இந்த இரு தடைகளையும் ஒருசேரக் கடக்கும் வழி. ஒப்பந்தம் முடிந்தபின் விளக்குகள் கொம்யூனின் சொத்து. அப்போது பழுது பார்க்கும் ஆளும் உதிரிபாகமும் யார் பொறுப்பு என்பதையும் முதல் நாளே எழுதிக்கொள்வது வழக்கம்.