வெயிலைத் தாங்கும் உருளைக்கிழங்கு

செடி பச்சைப்பசேலென்று செழித்து நிற்கும். ஆனால் மண்ணைக் கிண்டினால் சுண்டங்காய் அளவில் ஒன்றிரண்டு கிழங்குகளே கிடைக்கும். நகையை அடகு வைத்து விதைக்கிழங்கு வாங்கிய பெண்ணுக்கு இது பேரிடி. பசளையும் தண்ணீரும் குறைவின்றிக் கொடுத்தும் இப்படி நேர்ந்தால், வெப்பமே காரணமாக இருக்கலாம்.

உருளைக்கிழங்கின் தாயகம் தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைகள். குளிர்ந்த இரவுகளுக்குப் பழகிய பயிர் இது. இரவு வெப்பநிலை 20 பாகை செல்சியசுக்கு மேல் உயர்ந்தால், கிழங்கு கட்டும்படி இலையிலிருந்து மண்ணுக்குச் செல்லும் தூண்டல் குறைகிறது. இலை தயாரிக்கும் உணவு கிழங்கில் சேராமல் தண்டுக்கும் இலைக்குமே செலவாகிறது.

இதற்கு மாற்றாக வெப்பத்தைத் தாங்கும் இனங்களை ஆய்வாளர்கள் உருவாக்கி வருகின்றனர். ஓர் இனத்தின் பூவில் மற்றோர் இனத்தின் மகரந்தத்தைச் சேர்ப்பார்கள். சிறிய தக்காளி போன்ற காய் உண்டாகும். அந்தக் காய் நஞ்சுள்ளது, உண்ணக்கூடாது. அதன் விதைகளில் முளைக்கும் செடிகள் ஒன்றைப்போல் மற்றொன்று இராது. அவற்றைச் சூடான இடங்களில் நட்டு, நல்ல கிழங்கு கட்டியவற்றை மட்டும் தெரிவு செய்வார்கள். இதற்குப் பல ஆண்டுகள் செல்லும். நல்ல செடி ஒன்று கிடைத்துவிட்டால், பின்னர் அதன் கிழங்கை நட்டே அதே இனத்தைப் பெருக்கலாம்.

இந்தியாவின் சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் 2006 இல் வெளியிட்ட ‘குஃப்ரி சூர்யா’ இதற்கு நல்ல உதாரணம். ‘குஃப்ரி லவ்கர்’ என்ற இந்திய இனத்தையும், வெப்பமான தாழ்நிலங்களுக்கென உருவான ‘எல்.ரி.-1’ என்பதையும் கலந்து பெறப்பட்டது இது. இரவில் 20 பாகைக்கு மேல் சூடு இருந்தாலும் கிழங்கு கட்டும். எனவே குளிர் தொடங்கும்வரை காத்திராமல் முன்கூட்டியே நடலாம். முதலில் சந்தைக்கு வரும் கிழங்குக்கு நல்ல விலையும் உண்டு.

யாழ்ப்பாணத்தில் மாரி மழை ஓய்ந்து பனி விழும் நாட்களிலேயே உருளைக்கிழங்கு செய்யப்படுகிறது. நடுகை பிந்தினால் கிழங்கு பருக்கும் வேளையில் வெயில் ஏறிவிடும். ஆகவே விதைக்கிழங்கு வாங்குமுன் இனத்தின் பெயரையும் எத்தனை நாட்பயிர் என்பதையும் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியுங்கள். புதிய இனமானால் முதலில் ஒரு பாத்தியில் மட்டும் நட்டுப் பாருங்கள். பாத்தியில் வைக்கோல் பரப்பினால் மண்ணின் சூடு தணியும்.

இலையின் செழிப்பை மட்டும் நம்பிக் கடன் வாங்காதீர்கள், சகோதரிகளே. ஒரு செடியையாவது கிண்டிப் பார்த்தபின் கணக்குப் போடுங்கள்.